மக்பெத்தும் சங்கிலியும்: போத்தல் விளக்கில் படித்த ஒரு நாடகம்

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அவற்றைப் பற்றி ஏற்கெனவே வேண்டிய அளவு பேசியாயிற்று. இந்தக் கல்லூரி எங்களுக்குத் தந்த ஒரு வாசிப்பைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம்.

அது தொண்ணூறுகளின் முற்பகுதி. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சில துளி எண்ணெயில் எரியும் திரியைச் சுற்றியிருந்துதான் எல்லோரும் படித்தோம். அந்த நாள்களில், பாடசாலை விட்ட பின்னர் வாரத்தில் ஒரு நாள், எங்கள் ஆங்கில ஆசிரியை எங்களில் சிலரை இருத்தி ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தைப் படிப்பித்தார். சோதனைக்குரிய பாடம் அன்று அது. புத்தகம் ஒன்றே ஒன்று; அதுவும் ரீச்சர் தாம் படித்த காலத்தில் வைத்திருந்த பிரதி. எழுதி முடிந்த கொப்பிகளின் வெறும் பக்கங்களில் காட்சி காட்சியாகப் பார்த்து எழுதிக்கொண்டோம். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களுள் மிகக் குறுகியது அதுதான். கடதாசித் தட்டுப்பாட்டில் அவர் அதைத் தெரிந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஷேக்ஸ்பியர் யாழ்ப்பாணத்துக்குப் புதியவர் அல்லர். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியும் 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையும் தொடங்கியதிலிருந்து ஆங்கிலக் கல்வி இங்கே வேரூன்றிவிட்டது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் ‘மக்பெத்’தை ‘மகபதி’ என்றும் ‘ஹம்லெற்’றை ‘அமலாதித்யன்’ என்றும் தமிழுடை உடுத்தி மேடையேற்றினார். அவரைக் குருவாகக் கொண்ட எங்கள் கலையரசு சொர்ணலிங்கம் ‘வாணிபுர வணிகன்’ நாடகத்தில் சைலொக்காக நடித்துப் புகழ்பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த விபுலானந்த அடிகள் 1926 இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்து, தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்தார். ஆகவே மக்பெத்தைத் தமிழ்க் கண்ணால் பார்ப்பது நாங்கள் தொடங்கிய வேலை அன்று. எங்களுக்கு முன்னரே பாதை இருந்தது.

இலட்சியமா, பேராசையா?

ரீச்சரின் முறை எளிது. ஒவ்வொருவருக்கும் பத்து வரி தருவார். மறுவாரம் அதைத் தமிழில் எழுதிவர வேண்டும். நாங்கள் முதலில் இடறி விழுந்தது ‘அம்பிஷன்’ என்ற சொல்லில். ஒருத்தி ‘பேராசை’ என்று எழுதினாள். இன்னொருத்தி ‘பதவி ஆசை’ என்றாள். மண், பெண், பொன் என்ற மூவாசையில் முதலாவதைச் சொல்லி ‘மண்ணாசை’ என்றாள் மூன்றாமவள். ரீச்சர் மூன்றையும் கேட்டுவிட்டு, “ஓட்டோகிராபிலை என்ன எழுதிறனீங்கள்? உமது அம்பிஷன் என்ன எண்டு கேட்டு, டொக்டராகிறது எண்டு எழுதிறியள். அதுவும் பேராசையோ?” என்றார்.

நாங்கள் வாயடைத்துப்போனோம். ஓட்டோகிராபில் அதற்கு ‘இலட்சியம்’ என்று பெயர். முன்னுக்கு வரவேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் தாய்ப்பாலோடு ஊட்டப்படுவது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது: நல்லதென்றால் இலட்சியம், கெட்டதென்றால் பேராசை. எதைச் சொல்வது என்று தமிழில் எழுதுபவர் முதல் வரியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும். ஷேக்ஸ்பியர் அப்படித் தீர்ப்புச் சொல்லித் தொடங்கவில்லை. நாடகத் தொடக்கத்தில் மக்பெத் நாட்டைக் காத்த வீரன். அரசனே அவனைப் புகழ்கிறான். இலட்சியம் எந்த இடத்தில் பேராசையாக மாறுகிறது என்பதுதான் நாடகம் முழுவதும்.

அந்த இடத்தைத் தேடும்போது இன்னொரு சொல் எங்கள் கண்ணில் பட்டது. கணவனுக்கு ஆசை இருக்கிறது, ஆனால் அந்த ஆசைக்குத் துணைபோக வேண்டியது அவனிடம் இல்லை என்று லேடி மக்பெத் குறைப்படுகிறாள். இல்லை என்று அவள் சொல்வதற்கு ஷேக்ஸ்பியர் இட்ட சொல், இன்று ‘நோய்’ என்ற பொருளில் நாங்கள் வழங்கும் ஆங்கிலச் சொல். அக்காலத்தில் அதற்குத் ‘தீமை’ என்று பொருள். பிற்காலத்தில் வைத்தியத் தொழிலுக்கு வந்த எங்களுக்கு அந்தப் பழைய பொருளும் புதிய பொருளும் ஒன்றாகவே கேட்கின்றன. ஆசை நோயன்று, அதற்குத் துணையாக ஒன்றை வரவழைக்கிறார்களே, அதுதான் நோய்.

அந்நோயின் முதற் குறி, செய்யப்போவதன் பெயரைச் சொல்லாமை. கொலைக்கு முந்திய காட்சிகளில் கணவனும் மனைவியும் ‘அது’ என்கிறார்கள், ‘அலுவல்’ என்கிறார்கள், ‘செயல்’ என்கிறார்கள். கொலை என்ற சொல்லை எவ்வளவு தூரம் தள்ளிவைக்கலாமோ அவ்வளவு தூரம் தள்ளிவைக்கிறார்கள். இந்தக் காட்சியைத் தமிழில் எழுதுவது எங்களுக்குக் கடினமாக இருக்கவில்லை. நாங்களும் அப்படிப் பேசப் பழகிய காலம் அது. ‘சம்பவம்’ என்போம்; என்ன சம்பவம் என்று கேட்கமாட்டோம். ‘காணாமற் போனார்’ என்போம். காணாமற் போக்கியவர் யார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

இரண்டாவது குறி, இரண்டு பொருள்படப் பேசுவது. 1605 இல் இலண்டன் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சதி நடந்தது. அதன் தொடர்பில் 1606 இல் விசாரிக்கப்பட்ட ஹென்றி கார்னெற் என்ற குரு, மறைபொருள் வைத்துப் பதில் சொல்வதை நியாயப்படுத்தினார் என்பது அக்காலத்தில் பெரிய பேச்சு. அந்தக் காற்று நாடகத்தில் வீசுகிறது. பெண் பெற்ற எவனாலும் ஆபத்தில்லை, காடு எழுந்து நடந்து வரும்வரை தோல்வியில்லை என்று மக்பெத்துக்கு வாக்குக் கிடைக்கிறது. மக்டப் தாய்வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட பிள்ளை. படைவீரர் மரக்கிளைகளைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வாக்கு பொய்க்கவில்லை; ஆனால் அவன் விளங்கிக்கொண்ட பொருள் பொய்த்துவிட்டது. தமிழில் நாங்கள் இதைச் சிலேடை என்று கொண்டாடுகிறோம். காளமேகத்தின் கெட்டித்தனத்துக்குக் கைதட்டுகிறோம். புலவன் கையில் அலங்காரமாக இருப்பது அதிகாரம் தேடுபவன் காதில் நஞ்சாக இறங்கும் என்பதை இந்த நாடகத்தில்தான் கண்டோம்.

ஆடையைப் பற்றிய பேச்சும் நாடகம் முழுவதும் வருகிறது. பிறருடைய உடுப்பை ஏன் எனக்கு உடுத்துகிறீர்கள் என்று தொடக்கத்தில் கேட்பவன், இறுதியில் இராட்சதனின் சட்டைக்குள் தொங்கும் குள்ளத் திருடனாகத் தோன்றுகிறான். எங்கள் வகுப்பில் இதற்குத் தமிழ் தேட வேண்டியிருக்கவில்லை. இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையை எங்கள் அம்மம்மாமார் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

வைபவமாலையில் ஒரு மக்பெத்

ஒருநாள் ரீச்சர் ஆங்கிலப் புத்தகத்தோடு ‘யாழ்ப்பாண வைபவமாலை’யையும் கொண்டுவந்தார். மாதகல் மயில்வாகனப் புலவர் 1736 அளவில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதிய நூல் அது. அதிலே பரராசசேகர மன்னன் தன் இராச்சியத்தின் எதிர்காலத்தைச் சுபதிட்ட முனிவரிடம் கேட்கிறான். மூத்த மகன் நஞ்சால் மாள்வதையும், அடுத்தவன் வாளால் மடிவதையும், சங்கிலி ஆளப்போவதையும், பிறகு பறங்கியர் வருவதையும், அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் வருவதையும் முனிவர் சொல்லிவிடுகிறார். சொன்னபடியே நடக்கிறது. சிங்கவாகு நஞ்சூட்டப்படுகிறான், பண்டாரம் வெட்டுண்டு சாகிறான், சங்கிலி முடிசூடுகிறான்.

நாங்கள் துள்ளினோம். எங்களிடமும் ஒரு மக்பெத்! சூனியக்காரிகளுக்குப் பதில் முனிவர்; பாங்கோவின் வழிவந்த அரசர் வரிசைக்குப் பதில் பறங்கியும் ஒல்லாந்தரும். ரீச்சர் எங்கள் உற்சாகத்தை அடக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பிள்ளையள், முனிவர் ஆருக்குச் சொன்னவர்? சூனியக்காரியள் ஆருக்குச் சொன்னவை?”

முனிவர் சொன்னது தகப்பனுக்கு. சூனியக்காரிகள் சொன்னது கொலைகாரனுக்கே. இந்த ஒரு வேறுபாட்டில் இரண்டு உலகங்கள் பிரிகின்றன. தகப்பனால் ஒன்றும் செய்ய இயலாது. வைபவமாலையில் விதி நடந்தே தீர்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊழ்வினையைப் படித்துப் பழகிய எங்களுக்கு அது புதிதன்று. ஆனால் மக்பெத்திடம் நீ அரசனாவாய் என்றுதான் சொல்லப்பட்டது. “கொல்லச் சொன்னவையோ? எங்கை சொல்லியிருக்கு எண்டு காட்டுங்கோ பாப்பம்” என்றார் ரீச்சர். கையால் எழுதிய தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். எங்கேயும் இல்லை. முன்னறிவிப்புக்கும் கொலைக்கும் இடையில் உள்ள வெளியில் அவன் தனியே நிற்கிறான். விதியின் மேல் பழி போடுவது எவ்வளவு வசதி என்று அன்றுதான் விளங்கியது.

கோவில் திருவிழாக்களில் விடிய விடியப் பார்த்த ‘மயான காண்டம்’ அப்போது ஞாபகத்துக்கு வந்தது. நடிகமணி வைரமுத்துவின் குரலில் குடாநாடே உருகிய அரிச்சந்திரன் கதை, சொன்ன சொல்லுக்காக அரசை இழந்தவன் கதை. மக்பெத்தோ அரசுக்காகச் சொல்லை இழந்தவன். அரிச்சந்திரன் எல்லாம் இழந்த சுடலையிலும் தான் யார் என்பதை இழக்கவில்லை. மக்பெத்துக்கு எல்லாம் கிடைத்த பின்னர் நித்திரைகூட இல்லை.

கதையை எழுதியவர் யார்?

பல்கலைக்கழகம் போன பின்னர்தான் வரலாற்றை விரிவாகப் படித்தோம். வைபவமாலை ஒருவராகக் காட்டும் சங்கிலி உண்மையில் இருவர் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். முதலாம் சங்கிலி 1519 முதல் 1561 வரை ஆண்டவன். சங்கிலி குமாரன் கடைசி மன்னன். 1617 இல் எதிர்மன்னசிங்கன் இறந்தபோது வாரிசு சிறு குழந்தை. பாதுகாவலனாக நின்ற அரசகேசரியையும் அரச குடும்பத்தினர் பிறரையும் கொன்று ஆட்சியைப் பிடித்தான். அவனுக்கெதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது தஞ்சாவூர்ப் படையின் துணையால் மீண்டான். 1619 இல் பிலிப் த ஒலிவேரா தலைமையில் வந்த போர்த்துக்கேயர் அவனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய் 1623 இல் தூக்கிலிட்டனர். ‘மக்பெத்’ நாடகம் முதன்முதலாக இலண்டனில் அச்சேறியதும் அதே 1623 இல்தான். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் இரண்டையும் படித்தவர்களால் அந்த ஆண்டை மறக்க முடியாது.

அந்தச் சங்கிலிதான் நல்லூர் முத்திரைச் சந்தியில் வாளேந்திக் குதிரைமேல் இருக்கிறான். பறங்கிக்குப் பணியாத கடைசித் தமிழரசன் என்று அவனை வணங்கி வளர்ந்தோம். 1956 இல் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ‘சங்கிலி’ என்று ஒரு நாடகமே எழுதினார். வைபவமாலையில் கொலைகாரன், சந்தியில் வீரன். எது சரி? ஒல்லாந்தர் கேட்க எழுதிய நூல் பழைய அரசைப் புகழுமா? போர்த்துக்கேயக் குரு குவைறோஸ் எழுதிய வரலாற்றில் சங்கிலிக்கு நல்ல பெயர் கிடைக்குமா? வென்றவரின் தாளில் எழுதப்பட்டதைச் சந்தேகிப்பது நியாயமே.

மக்பெத்துக்கும் இதுவே நடந்திருக்கிறது. உண்மையான மக்பெத் 1040 முதல் 1057 வரை பதினேழு ஆண்டுகள் ஸ்கொட்லாந்தை ஆண்டவன். டங்கன் படுக்கையில் கொல்லப்பட்ட கிழவன் அல்லன்; போரில் மடிந்த இளைஞன். ஷேக்ஸ்பியர் ஹொலின்ஷெட்டின் வரலாற்று நூலை எடுத்து வேண்டியபடி மாற்றினார். அப்போது ஆட்சியில் இருந்த முதலாம் ஜேம்ஸ் தம்மைப் பாங்கோவின் வழிவந்தவராகக் கருதியவர். ஹொலின்ஷெட்டில் கொலைக்கு உடந்தையாக இருக்கும் பாங்கோ, நாடகத்தில் நல்லவனாகிவிடுகிறான்.

அப்படியானால் எல்லாம் பொய்யா? இல்லை. பறங்கியை எதிர்த்தான் என்பதற்காக அரசகேசரியின் இரத்தம் இல்லாமற் போகாது. அரசகேசரியைக் கொன்றான் என்பதற்காகக் கோவாவின் தூக்குமரம் நியாயமாகவும் மாட்டாது. இலட்சியம், பேராசை என்று ஒரே ஆசைக்கு இரண்டு சொல் வைத்திருப்பதுபோல், ஒரே சங்கிலிக்கு இரண்டு கதை வைத்திருக்கிறோம்; வேண்டிய நேரத்தில் வேண்டியதை எடுக்கிறோம். இரண்டையும் ஒரே ஆளில் சேர்த்துப் பார்க்கும் துணிவை நாங்கள் மக்பெத்திடமிருந்துதான் கற்றோம்.

இரண்டு வைத்தியர்கள்

வைத்தியர்களாகிய எங்களை இன்றும் விடாமல் பின்தொடர்வது ஐந்தாம் அங்கத்தின் முதற் காட்சி. லேடி மக்பெத் நித்திரையில் நடக்கிறாள்; கையைக் கழுவிக் கழுவிப் போகாத கறையைத் தேடுகிறாள். அதை ஒளிந்திருந்து பார்ப்பவர்கள் இருவர்: ஒரு பணிப்பெண், ஒரு வைத்தியர். பணிப்பெண் முன்பே பல இரவுகள் பார்த்தவள். அரசி என்ன பேசினாள் என்று வைத்தியர் கேட்கும்போது, சாட்சிக்கு ஆள் இல்லாமல் சொல்லமாட்டேன் என்கிறாள். வைத்தியர் குறிப்பெடுக்கிறார். எல்லாம் விளங்குகிறது, ஆனால் வாய்திறக்கத் துணிவில்லை. இந்த நோய் தம் தொழிலுக்கு அப்பாற்பட்டது என்று ஒதுங்கிக்கொள்கிறார். பின்னொரு காட்சியில் தமக்குள் சொல்லிக்கொள்கிறார்: இந்தக் கோட்டையிலிருந்து ஒருமுறை தப்பிவிட்டால், எவ்வளவு பணம் தந்தாலும் திரும்பி வரமாட்டேன் என்று.

1995 ஒக்ரோபர் 30 இரவு மழையில், நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு இலட்சக்கணக்கானோரோடு நடந்தபோது, எங்களில் ஒருத்தியின் பையில் அந்தக் கையெழுத்துப் பிரதியும் இருந்தது. ரீச்சரின் புத்தகம் தப்பவில்லை. பிறகு எங்களிற் பலர் கடல் கடந்தோம். அந்த வைத்தியரின் வார்த்தையை நாங்களும் ஏதோ ஒரு விமான நிலையத்தில் மனதுக்குள் சொல்லியிருக்கிறோம். அவரைக் கோழை என்று எங்களால் இலேசில் சொல்லிவிட முடியாது.

வைபவமாலையிலும் ஒரு வைத்தியன் இருக்கிறான். பரநிருபசிங்கன், அரசகுமாரனும் வைத்தியத்தில் வல்லவனுமானவன். கண்டியரசன் தேவியின் நோயைத் தீர்க்க அங்கே போகிறான். அவன் ஊரில் இல்லாத நேரத்தில்தான் சங்கிலி பண்டாரத்தை வெட்டுகிறான். ஒரு வைத்தியன் அருகிலிருந்தும் பேசவில்லை. மற்றவன் பேசக்கூடியவன், ஆனால் ஊரில் இல்லை. யாழ்ப்பாணத்து வைத்தியர்களான எங்கள் தலைமுறையின் நிலையும் இந்த இரண்டுக்குள் அடங்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

போருக்குப் பின் எங்கள் கிளினிக்குகளுக்கு வரும் பலர் நெஞ்சுவலி என்பார்கள், தலையிடி என்பார்கள், நித்திரை இல்லை என்பார்கள். ஈசீஜீயில் ஒன்றும் இராது. கொஞ்சம் பொறுத்திருந்து கேட்டால்தான், பேசாத ஒரு கதை அடியில் கிடப்பது தெரியும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட நூலில் எங்கள் சமூகத்தின் இந்த மனவடுக்களைத்தான் விரிவாக எழுதினார். மனைவி மக்கள் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டு மக்டப் தொப்பியைக் கண்ணுக்கு இழுத்துவிட்டு மௌனமாக நிற்கும்போது, துயரத்துக்குச் சொல்லைக் கொடு, பேசாத துயரம் நெஞ்சை உடைத்துவிடும் என்று மல்கம் சொல்கிறான். நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய அந்தப் புத்திமதிக்கு மேலாக இன்றைய மனநல மருத்துவத்திலும் அதிகம் இல்லை.

எங்கெங்கும் பரந்திருக்கும் பழைய மாணவியரே, இந்த மலரை எங்கே இருந்து வாசிக்கிறீர்கள் என்று தெரியாது. ரொறன்ரோவாக இருக்கலாம், இலண்டனாக இருக்கலாம், மெல்பேர்னாக இருக்கலாம், கல்லூரி மதிலுக்கு அடுத்த வீடாகவும் இருக்கலாம். கல்லூரியின் நூறாண்டு வரலாற்றில் அதிபர்களின் பெயரும் கட்டடங்களின் திறப்பு நாளும் கட்டாயம் இடம்பெறும். ஆனால் எந்த வகுப்பில் யாருடைய கதிரை எந்த ஆண்டு வெறுமையானது என்பது எங்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. அதை இதுவரை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சாட்சிக்கு ஆளில்லை என்றுதான் நாடகத்துப் பணிப்பெண் வாயை மூடினாள். எங்களுக்கு அந்தக் குறை இல்லை. ஒரு வாங்கில் எட்டுப் பேர் இருந்து படித்தவர்கள். ஒருத்தி மறந்தால் மற்றவள் சொல்லுவாள்.

எழுதி அனுப்புங்கள். நல்லதோ கெட்டதோ, நடந்ததை அதன் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். ரீச்சர் இருந்தால் அதற்குத்தான் முதலில் புள்ளி போடுவார்.